உரிமம் பெற்றவர்

விதின் நகரில் டான்யூப் வளையும் இடத்தில்
எங்கள் அச்சகம்.
அச்சிடுவது பெரும்பாலும் சாவு.
ஒரு தாள், ஒரு முகம், இரண்டு தேதி.
இறந்த அன்று ஒன்று, நாற்பதாம் நாள் ஒன்று,
ஆறாம் மாதம், ஆண்டு,
பிறகு ஒட்டுவதற்கு ஆள் இருக்கும்வரை.
வாசற்கதவில், பேருந்து நிறுத்தத்தில், மரத்தில்.

வடிவமைக்கும் மென்பொருளை
முதலாளி ஸ்தாமென் சனிச்சந்தையில் வாங்கினார்.
காலுறைக்கும் தூண்டில் முள்ளுக்கும் நடுவில்
ஐந்து லெவாவுக்கு ஒரு குறுந்தகடு.
உறையில் பேனாவால் எழுதிய இருபத்தைந்து எழுத்து.
ஒன்று எட்டா பி-யா தெரியவில்லை.
இரண்டையும் போட்டுப் பார்த்தோம்.

கூடவே ஒரு துண்டுச்சீட்டு:
இணையத்தைப் பிடுங்கு.
காவல் நிரலை அணை.
தேதியைப் பின்னால் தள்ளு.

சாவி சமைக்கும் அந்தச் சின்ன நிரல்
திறந்ததும் ஒரு மெட்டு வாசித்தது,
பொம்மைப் பியானோவில் யாரோ அவசரமாகத் தட்டுவதுபோல.
ஸ்தாமென் தோளைக் குலுக்கி ஆடினார்.
பாடிக்கொண்டே வருபவனை
யாரும் திருடன் என்று நினைப்பதில்லை.

அன்றுமுதல் காலைதோறும் திரை விரியும்:
‘உரிமம் பெற்றவர்: ஹென்ரிக் வாஸ்.’
எந்த ஊர்க்காரரோ.
பத்தொன்பது ஆண்டு அவர் பெயருக்குக் கீழேதான்
உட்கார்ந்து வேலை பார்த்தேன்.
வணக்கம் ஹென்ரிக், என்று
காபிக் கோப்பையை வைப்பேன்.

எங்கள் கணினியில் எப்போதும் 2004 மார்ச்.
திங்கள்தோறும் அதை மறுபடி
ஒன்றாம் தேதிக்கு இழுத்துவிடுவேன்.
கோப்புகளின் ஓரத்தில் தேதி பார்த்தால்
ஊரில் எல்லாருக்கும்
சாவதற்கு முன்பே தாள் தயார்.

ஒருமுறை காசு கொடுத்தே வாங்கலாமென்று
நிறுவனத்துக்கு எழுதினேன்.
அந்தப் பதிப்பு விற்பனையில் இல்லை,
இப்போது மாத வாடகைதான் என்றார்கள்.
இதை நியாயம் கேட்கச் சொல்லவில்லை.
நடந்தது இது.

போன நவம்பரில் வட்டு செத்தது. புதிது மாட்டினோம்.
குறுந்தகட்டில் கீறல். சாவியை
இணையத்தில் தேடி இறக்கினேன்.
அதே மெட்டு.
அதனால் நம்பினேன்.

மறுநாள் கோப்புகள் எல்லாம் இருந்தன,
பெயரின் வால் மட்டும் மாறி.
நாலாயிரத்துச் சொச்சம் முகங்கள்;
ஒன்றும் திறக்கவில்லை.
உடைந்த பல்கேரிய மொழியில் ஒரு கடிதம்:
எழுபத்திரண்டு மணி நேரம், இவ்வளவு தொகை.
கடைசி வரியில் ‘மரியாதையுடன்’.

பிரதி எங்கே, என்றான் காவல் நிலையத்துப் பையன்.
பக்கத்து வட்டில், கழற்றாமல் செருகியபடி. அதுவும் போச்சு.
உரிமம் யார் பெயரில்?
ஹென்ரிக் வாஸ், என்றேன்.
எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டான்.

பணம் கட்டவில்லை. கட்ட இருக்கவுமில்லை.

வியாழக்கிழமை யோர்தங்கா வந்தாள்.
கணவருக்கு ஆறு மாதம்.
பழைய படமே போதும், என்றாள்.
வேறு படம் கிடையாதாம்,
அசலைச் சட்டைப்பையில் வைத்தே புதைத்துவிட்டார்களாம்.
நாளைக்கு வாருங்கள், என்றேன்,
முகத்தைப் பார்க்காமல்.

அன்று மாலை வெண்ணெய்க் கத்தியும்
சுடுநீர்ப் புட்டியுமாக அஞ்சலகத்தின் பின்சுவருக்குப் போனேன்.
ஒருவர்மேல் ஒருவராக ஒட்டிக்கிடந்தார்கள்.
மேலே ஒரு ஆசிரியை, அவளுக்கடியில் இரட்டையரில் ஒருவன்,
மூன்றாம் அடுக்கில் அவர்.
மழை காதைத் தின்றிருந்தது.
உரிக்க உரிக்க
என் கைவேலையை நானே திருடுவதுபோல் இருந்தது.

இப்போது வைத்திருப்பது இலவச மென்பொருள்.
யார் பெயரும் கேட்பதில்லை.
கறையை அழிக்கும் கருவி அதில் எங்கே இருக்கிறதென்று
இன்னும் பிடிபடவில்லை.
காதை ஒருவாறு வரைந்துவிட்டேன்.
குண்டூசித் துரு
இடப்புருவத்துக்கு மேலேயே நின்றுவிட்டது.

யோர்தங்கா தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.
வெகுநேரம் பிடித்திருந்தாள்.
‘அவருக்கு இங்கே மச்சம் கிடையாது.’
பிறகு, பையைத் திறந்தபடி:
‘பன்னிரண்டு போடு.’