நான்காவது தாள்

கொழும்பிலிருந்து வந்தவர் வெண்பலகையில்
ஒரு கூட்டல் குறி கீறினார்.
குறுக்கே கடல்மட்டம், நெடுக்கே எரிபொருள் விலை.
நாலு மூலை, நாலு எதிர்காலம்.
மேலே ‘திருகோணமலை 2050’ என்று எழுதி
ஆளுக்கொரு நிறத்தில் மார்க்கர் தந்தார்.
எனக்குப் பச்சை.

கச்சேரித் திட்டமிடல் பிரிவில் எனக்குப் பதினேழு வருடம்.
நாளைகளைக் கோப்பில் போடுவதுதான் வேலை.
மூன்று அலுமாரி.
முதல் அலுமாரியின் நாளைகள்
எல்லாம் வந்து போய்விட்டன,
ஒன்றாவது கோப்பில் இருந்தபடி வரவில்லை.

இழுவைப் படகோட்டி தவநேசன்
கப்பல் கப்பலாய் வரும் என்று எழுதினார்.
எழுதிவிட்டுச் சிரித்தார்:
‘போர்த்துக்கீசன் தொடக்கம் எல்லாரும் இதைத்தான் எழுதினவங்கள்.
எழுதினவன் போயிட்டான்.
ஆழம் மட்டும் அப்படியே கிடக்கு.’

பொறியியலாளர் விதானகேக்கு
காட்டுக்குள் நிற்கும் எண்ணெய்த் தாங்கிகள்.
பாதித் தமிழில் சொன்னார்:
கட்டினவன் மடையன் இல்லை.
போர் வரும் என்று கணித்தான், வந்தது.
எண்ணெய் வேண்டும் என்றான், வேண்டியிருந்தது.
போர் முடிந்த மறுநாள் காலை
இத்தனை இரும்பை என்ன செய்வது என்ற கேள்விக்கு மட்டும்
வரைபடத்தில் இடம் விடவில்லை.
இப்போது அதற்குக் குரங்குகள்
பதில் தேடிக்கொண்டிருக்கின்றன.

நஸ்மிலா கிண்ணியாவிலிருந்து வருகிறவள்.
அவளுடைய மூலையில் கடல் உயர்கிறது.
அவள் கடலைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை.
சிவப்பு மையில் ஒரே ஒரு கேள்வி:
பள்ளிக்கூட மேல்மாடியின் திறப்பு யாரிடம்?

அதிபரிடம்.
அதிபர் இருப்பது கந்தளாயில்.
காவலாளிக்கு மாடித் திறப்பு கொடுப்பதில்லை,
போன வருடம் கதிரைகள் களவு போனதால்.
ஓடு என்று அம்புக்குறி போட்ட நீலப் பலகை
அந்த மாடியைத்தான் காட்டிக்கொண்டு நிற்கிறது,
இரவிலும், பூரணை விடுமுறையிலும்.

‘இது செயற்பாட்டு விவரம், உத்தி அல்ல’
என்றார் கொழும்பிலிருந்து வந்தவர், மரியாதையாகத்தான்.
நஸ்மிலா மார்க்கரை மூடினாள்.
இருபது வருடத்துக்கு முந்திய
ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை
அவள் எந்தக் கதவின் முன் நின்றாள் என்று
அந்த அறையில் யாரும் கேட்கவில்லை. நானும்.

நான்காவது மூலை எனக்கு.
கடலும் உயர்ந்து, எண்ணெயும் எட்டாத காலம்.
தலைப்பை மட்டும் எழுதினேன்.
அதற்குள் சோற்றுப் பார்சல் வந்தது.

கை கழுவிவிட்டு வந்து பார்த்தால்
கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான் ஒன்று
விறாந்தைக்கு ஏறி,
குழம்பு ஊறிய பார்சல் கடதாசியோடு சேர்த்து
என் எதிர்காலத்தையும் மென்றுகொண்டிருந்தது.
ஒருவரும் விரட்டவில்லை.
விதானகே கைபேசியில் படம் எடுத்தார்.
வாயோரம் கொஞ்சம் பச்சை.

பின்னேரம் அறிக்கையில் மூன்று காட்சிகள் போயின.
நான்காவது ‘பரிசீலனையில்’.

மறுநாள் அதிபரோடு அரைமணி நேரம் வாதாடி
திறப்பை வாங்கினேன்.
கதிரைகளுக்கு நான் பொறுப்பென்று கையெழுத்தும் வைத்தேன்.
பேருந்து நிலையத்தடியில் நாலு பிரதி வெட்டினேன்.
காவலாளிக்கு ஒன்று,
எதிர் வீட்டுத் தையற்காரிக்கு ஒன்று,
பள்ளிவாசலில் ஒன்று,
கடைசி என்னிடம்.

எந்தத் தலைப்பில் போடுவது என்றார் கணக்காளர்.
எதிர்காலம் என்று தலைப்பு இல்லை.
சில்லறைச் செலவு என்று போட்டோம்.

தையற்காரி வீடு மாறலாம்.
அலை வேறு பக்கத்தால் வரலாம்,
அல்லது அலையே இல்லாமல்
நான் யோசிக்காத ஏதோ ஒன்று.
உப்புக் காற்றில் பூட்டு இறுகுவது மட்டும் நிச்சயம்.
மூன்று மாதத்துக்கு ஒருமுறை
ஒரு சொட்டு எண்ணெய் என்று
நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

புதிதாய் வெட்டிய திறப்பு,
அராவிய விளிம்பு இன்னும் தேயவில்லை.
பேருந்தில் சில்லறை தேடிக் கைப்பைக்குள் விரல் விடுகிறேன்.
கீறுகிறது.