தலைக்கவசத்தில் பதினோரு முட்கள்

ஆயத்தம் முந்தைய இரவே தொடங்கிவிடும்.
பின்டயரைப் பெருவிரலால் அழுத்திப் பார்ப்பேன்,
விலை கேட்காமல் மாம்பழம் பொறுக்குகிறவள் மாதிரி.
சங்கிலிக்கு நாலே சொட்டு எண்ணெய்.
விரலில் தங்கிய ஐந்தாவது சொட்டு
எப்படியோ ஃப்ரிட்ஜ் கைப்பிடிக்குப் போய்ச் சேரும்.
அந்த வழக்கு மறுநாள் மாலை விசாரணைக்கு வரும்.

விளக்குகள் இரண்டும்
சுவரில் மின்சாரம் குடித்துக்கொண்டிருக்க,
நாற்காலியில் உடைகளை அடுக்குவேன்.
முதலில் போடுவது மேலே,
கடைசியில் போடுவது அடியில்.
இருட்டில் கை பிசகக் கூடாது.
ஒருமுறை சேந்தனின் காலுறையோடு
ஏரியை முழுச்சுற்று வந்தவள் நான்.

அலாரம் ஐந்தேகாலுக்கு.
ஒரு நிமிடம் முன்னதாகவே விழித்து
அதன் வாயைப் பொத்துவது
நாளின் முதல் வெற்றி,
சில நாட்களில் ஒரே வெற்றி.
அரை வாழைப்பழம். இரண்டு மடக்கு வெந்நீர்.
காபி திரும்பி வந்தபின்தான்;
வீடுவரை என்னை இழுத்து வரும் கயிறு அது.
கராஜ் கதவைத் தூக்கினால் தெருவே எழும்.
ஆகவே பக்கவாசல் வழியாக,
மூச்சை அடக்கி,
என் வீட்டிலிருந்து என் சைக்கிளையே
நான் திருடிக்கொண்டு போகிறேன்.

பெல்கானனில் செப்டம்பர் என்றால்
காலண்டரில் மட்டும் வசந்தம்.
புல்லெல்லாம் உப்புத் தூவியது போல் உறைபனி.
கையுறைக்குள் விரல்கள் பத்தும்
தனித்தனியாகக் கோபித்துக்கொள்ளும்.
முதல் பத்து நிமிடம்
எதற்கு இந்த வேலை என்று முழங்கால் கேட்கும்.
நான் பதில் சொல்வதில்லை. மிதிக்கிறேன்.
ஜின்னிண்டெரா ஏரி வளையும் இடத்தில்
அந்தக் கேள்வி எங்கேயோ கழன்று விழுந்துவிடுகிறது.

தண்ணீர்மேல் ஆவி,
யாரும் அரிசி போடாத உலை.
பாதையோரம் மூன்று கங்காருகள்
என் வெளிச்சத்தை நிமிர்ந்து பார்க்கின்றன,
கூட்டத்துக்குத் தாமதமாக வந்தவளைப் பார்ப்பது போல்.
பிறகு மேய்ச்சலுக்கே திரும்பிவிடுகின்றன.

அப்புறம் இறக்கம்.
மிதிக்கவே வேண்டாம்.
சக்கரம் தானாகக் கிறுகிறுக்க,
காது மடல் எரிய,
கண்ணில் நீர் பக்கவாட்டில் ஓட,
வயது, வீட்டுக்கடன், ஒன்பது மணிச் சந்திப்பு
ஒன்றும் பின்னால் ஏறி வர முடியாத வேகம்.
ஒருநாள் வாய்விட்டுக் கத்தினேன்.
எதிரே நடந்து வந்தவர்
நாயின் வாரைச் சுருக்கிப் பிடித்தார்.

போகும்போது இருட்டு; அதற்கு என்னைத் தெரியாது.
திரும்பும்போது விடிந்திருக்கும்.
சுரங்கப்பாதை தாண்டி மூன்றாவது யூகலிப்டஸ்.
முதலில் நிழல்,
அடுத்து காதருகே அலகு சொடுக்கும் சத்தம்.
கறுப்பு வெள்ளையில் ஒரு மேக்பை,
கூட்டுக்குக் காவல் நிற்கும் தகப்பன்.
அதற்காகத்தான் தலைக்கவசத்தில்
பிளாஸ்டிக் பட்டைகளைச் செருகி
முள்ளம்பன்றி ஆனேன்.
பன்னிரண்டு செருகினேன்.
ஒன்றை அது கொண்டுபோய்விட்டது.
பாட்டிலைத் தூக்கிக் காட்டினேன், பயப்படவில்லை.
குளிர்கண்ணாடியைத் தலைக்குப் பின்னால் மாட்டினேன்.
அதையும் ஒரு கொத்து கொத்திப் பார்த்தது.
ஐந்து வாரம் இப்படியே
குனிந்த தலையோடு, திட்டிக்கொண்டே,
நூறு மீட்டரை
என் வாழ்நாளின் அதிவேகத்தில் கடந்தேன்.

நேற்று அந்த மரம் வந்தது.
தோளை இறுக்கினேன், பல்லைக் கடித்தேன்.
ஒன்றும் இல்லை.
சற்று மெதுவாக்கினேன். அப்போதும் இல்லை.
வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்,
சைக்கிளைத் திருப்பி
இன்னொருமுறை அதன் கீழே போனேன்.

புல்லில் நின்றது.
பின்னாலேயே சாம்பல் நிறத்தில் இரண்டு குஞ்சுகள்
வாய் பிளந்து, விடாமல் நச்சரித்தபடி.
புழுவை இழுத்துக்கொண்டே
ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தது.
நீயா, போ, வேலை இருக்கிறது.

"இன்னிக்குக் கொத்தலையா?" என்றான் சேந்தன்,
பேப்பர் துண்டால் ஃப்ரிட்ஜைத் துடைத்தபடி.
இல்லை என்றேன்,
பஸ்ஸைத் தவறவிட்டவள் குரலில்.
கத்தரிக்கோலை எடுத்து
மூன்று முட்களை வெட்டினேன்.
காபி ஆறிக்கொண்டிருந்தது.
மீதியை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.