கையுறை இருந்த இடம்

யோகேஸ்வரி வேகமாகப் போடுவாள்.
எல்லோரும் அப்படித்தான் தொடங்குவார்கள்.
அடுத்து ஓர் 'ஆனால்' வரும்.
அந்த ஆனாலைப் பிடிப்பது என் வேலை.

என் இடத் தொடையில் மூன்று நீலம்,
ஒன்று மஞ்சளுக்கு மாறிக்கொண்டிருக்கிறது.
கழுத்தெலும்புக்குக் கீழே
பந்தின் தையலோடு பதிந்தது ஒன்று.
சாப்ட்பால் என்று யார் பெயர் வைத்தார்களோ,
மென்மை எங்கே இருக்கிறது அதில்?

பாயான் லெப்பாஸ்,
தொழிற்சாலைகளுக்குப் பின்னால் எங்கள் திடல்.
தலைக்கு மேலே விமானங்கள் இறங்கும்.
அத்தனை டன் கனம் கடலைத் தாண்டி வந்து
கோலம் போடும் விரல்போல்
கோட்டில் உட்காரும்.
ஒவ்வொன்றையும் அண்ணாந்து பார்த்து
"எப்படிடி?" என்பாள்.

எனக்கு இரவு ஷிப்டு, தரக் கட்டுப்பாடு.
தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு விலகினாலும்
சிப்பை எடுத்துச் சிவப்புத் தட்டில் போடுவேன்.
மாலையில் இவள் முன்னால் குந்தியிருப்பேன்.

நேராகப் போட்டால் அடித்துவிடுகிறார்கள்.
எவ்வளவு வேகமென்றாலும்
நேர்க்கோடு இரண்டாம் தடவையில் பழகிவிடும்.
வளைத்தாலோ வளைகிறது,
வளைந்துகொண்டே போய்
மீ கோரெங் கடைக்காரர் குடையில் விழுகிறது.
விரல்களை மாற்றிப் பிடித்தாள். நகம் வெட்டினாள்.
பயிற்சியாளர் ஆ செங் இடுப்பைத் திருப்பச் சொன்னார்,
மறுவாரம் இடுப்பை மறக்கச் சொன்னார்.
தண்ணீர்மலையில் படியேறி
முருகன் காலடியில் ஒரு பந்தை வைத்து
எடுத்து வந்தாள்.
அந்தப் பந்தும் குடையில்தான் விழுந்தது.

சனிக்கிழமை பட்டர்வொர்த்காரிகளோடு ஆட்டம்.
ஏழாவது இன்னிங்ஸ், மூன்றுக்கு மூன்று,
இரண்டு பேர் அவுட்,
மூன்றாம் தளத்தில் ஒருத்தி
ஒற்றைக் காலில் துடித்துக்கொண்டு.
சூ லிங் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியேற
வேறு ஆள் இல்லாமல்
இவளைக் கூப்பிட்டார் ஆ செங்.
கூப்பிட்டுவிட்டு முகத்தைத் துடைத்தார்.

முதல் பந்து மண்ணைக் கிளப்பியது. நெஞ்சால் மறித்தேன்.
இரண்டாவதில் மட்டை காற்றை மட்டும் கண்டது.
மூன்றாவதற்கு
உள்பக்கம், முட்டிக்கு ஒரு விரல் மேலே என்று
சைகை காட்டிக் கையுறையை விரித்தேன்.
தலையசைத்தாள்.

கை ஒரு வட்டம் சுற்றி
இடுப்பை உரசி விட்டபோதே
என் உடம்பு வலப்பக்கம் சாய்ந்துவிட்டது,
அவள் வழக்கமாகத் தப்பும் பக்கம்.
நான் சாயவில்லை என்றுதான் சொல்வேன்.
இரண்டு வருடத்துக் காயங்கள்
என்னைக் கேட்காமல் சாய்ந்தன.

பந்து வந்தது.
கடைசி ஒரு முழத்தில்,
எதையோ ஞாபகம் வந்தவள்போல்,
மெல்லத் திரும்பி
கையுறை இருந்த இடத்துக்கு வந்தது.

கையுறை அங்கே இல்லை.

பின்வலை அதிர்ந்தது.
நடுவர் ரோஸ்லி கை உயர்த்தி
ஸ்ட்ரைக் என்றதை
தளத்துக்கு ஓடி வந்தவளின் கூச்சல் மூடிக்கொண்டது.
ஸ்கோர் எழுதும் பையன் நிமிரவேயில்லை.
யோகேஸ்வரி பெயருக்கு நேரே
வைல்ட் பிட்ச். பழகிய பேனா.

நான் முகக் கவசத்தைக் கழற்ற
நெடுநேரம் எடுத்துக்கொண்டேன்.

பிறகு கடையில்
தே ஓ ஐஸ் இரண்டு சொன்னோம்.
தன் கிளாசிலிருந்து ஐஸ்கட்டிகளைப் பொறுக்கி
பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டாள்.
ஒரு விமானம் இறங்கியது.
இன்றைக்கு அண்ணாந்து பார்க்கவில்லை.
"எங்கடி பட்டுச்சு?" என்றாள்.

எங்கும் படவில்லை.

முட்டிக்கு ஒரு விரல் மேலே காட்டினேன்.
ஐஸை அங்கே வைத்து அழுத்தினாள்,
மிகச் சரியாக அங்கே.