பதிமூன்றா, பதினான்கா

"தலை மட்டும் போதுமா பிள்ளே? குழம்புக்கா?"
பொழியூர் ஏலக்கரையில் லூசம்மை கேட்டாள்.
பரீட்சைக்கு என்றேன்.
கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.
காசு வேண்டாம் என்றாள்,
பிறகு யோசித்து இருபது ரூபாய் வாங்கிக்கொண்டாள்.

கலவாத் தலை. என் தலையைவிடப் பெரியது.
ஐஸ் உருகி மடி நனைய நனைய
ஆறேகால் பஸ்ஸில் திருவனந்தபுரம்.
யாரும் பக்கத்தில் உட்காரவில்லை.
ஜன்னலோரம் கிடைக்க இதுவும் ஒரு வழி.

கண்ணுக்குப் பின்னால், மூளைக்கு அடியில்
பக்கத்துக்கு ஒன்றாகச் செவிக்கல்.
மீனுக்குக் காது உண்டென்று
நீரோடியில் போய்ச் சொன்னால்
"அப்போ நாங்க ஏசினதெல்லாம் கேட்டிருக்குமே" என்பார்கள்.

வலது கல்லைப் பிசினில் பதித்து, மெல்லியதாய் அறுத்து,
வெளிச்சம் ஊடுருவும் வரை உப்புத்தாளில் தேய்த்தேன்.
கட்டைவிரல் ரேகை பாதி போயிற்று.
நுண்ணோக்கிக்கு அடியில்
கருத்தது ஒன்று, வெளிர்ந்தது ஒன்று,
இரண்டும் சேர்ந்தால் ஒரு வருடம்.
மரத்தின் வளையம் போல என்கிறது புத்தகம்.
எங்கள் கரையில் மரம் என்றால் தென்னை.
அதற்கு வளையம் கிடையாது.

இரண்டு பேர் தனித்தனியே எண்ண வேண்டும்,
ஒருவர் தாளை ஒருவர் பார்க்கக் கூடாது.
கொல்லத்து ஷஹானா எழுதினாள்: பதினான்கு.
நான்: பதிமூன்று.
டீ குடித்துவிட்டு வந்து மறுபடி எண்ணினோம்.
பதினான்கு. பதிமூன்று.
மூன்றாம் முறையும் ஒத்துவராத கல்லைத்
தள்ளிவிட வேண்டும் என்பது விதி.

பையில் இன்னொரு தாளும் இருக்கிறது,
ஆய்வுக் கப்பலுக்கான விண்ணப்பம்.
நீந்தத் தெரியுமா?
தெரியும். கடலுக்கு இருநூறு அடியில் பிறந்து
பத்தொன்பது வயதில்,
பல்கலைக்கழகக் குளத்தில், குளோரின் நெடியில்,
நீல ஓடுகளை எண்ணி எண்ணிக் கற்றேன்.
கப்பலில் குமட்டல் வருமா?
தெரியாது. எங்கள் வள்ளத்தில்
பெண்ணை ஏற்றியதில்லை.
முப்பது நாள் கடலில் தங்கச் சம்மதமா?
சம்மதம்.
பெற்றோர் கையெழுத்து.
அம்மை போடவில்லை.
போட மாட்டேன் என்றும் சொல்லவில்லை.
அரிசி டின்னுக்கு அடியில் ஒரு வாரம் வைத்திருந்து
மடிப்புக் கலையாமல் திருப்பித் தந்தாள்.

நான் எண்ணுவது விளிம்பிலிருந்து உள்ளே.
இந்த வருடம். போன வருடம்.
குளத்தில் தண்ணீர் குடித்த வருடம்.
பிளஸ் டூ. அதற்கு முன்,
பஸ் ஓடாத வருடங்கள்.
எட்டாவதில் என் நாக்கு நின்றுவிடுகிறது.
அடுத்ததைத்தான் எட்டு என்கிறேன்.

அந்த வருடம் நவம்பர் கடைசியில் காற்று வந்தது.
ஆன்றோ அண்ணன் போன வள்ளத்தில்
பதினொரு பேர்.
பலகை ஒன்றுதான் கரைக்கு வந்தது,
அதுவும் வேறொரு வள்ளத்தின் பலகை.

உருப்பெருக்கத்தைக் கூட்டிப் பார்த்தேன்.
ஒரு கீறல், ஒரு நெரிசல், ஏதாவது.
எட்டாவது வளையம்
மற்றவற்றைவிடத் தடித்ததும் இல்லை, மெலிந்ததும் இல்லை.
நன்றாகத்தான் தின்றிருக்கிறது
அந்த வருடம் கலவா.

மூன்றாம் முறை நடுவிலிருந்து வெளியே வந்தேன்.
அது முட்டை உடைத்த புள்ளியிலிருந்து.
ஒன்று. இரண்டு. ஐந்து. ஆறு.
ஏழு என்று சொல்லிவிட்டுக்
கொஞ்ச நேரம் ஊசிமுனையை நகர்த்தவில்லை.
ஷஹானா நிமிர்ந்து பார்த்தாள்.
எட்டு. ஒன்பது.
பதினான்கு.

"எங்கே விட்டாய்?" என்று மலையாளத்தில் கேட்டாள்.
"விளிம்புப் பக்கம் வளையம் நெருக்கம்."
குறிப்புப் பத்தியில் அதை அப்படியே எழுதினாள்.

பிடிபட்ட இடம் என்ற கட்டம் காலியாக இருந்தது.
எங்கள் பக்கத்து வள்ளம், அவர்கள் பக்கத்துக் கரை.
லூசம்மையிடம் கேட்க வேண்டும்.

இடது கல் இன்னும் உறைக்குள் இருக்கிறது.
அதிலும் இருக்கும்.