ஒற்றைப் பிரதி

மார்கழி வெள்ளத்துக்கு முன் இந்த சர்வர் ரூம்
தரைத்தளத்தில், எக்ஸ்ரேவுக்கு அடுத்தாற்போல் இருந்தது.
இப்போது மூன்றாம் மாடி.
சிமெண்ட் வாடை இன்னும் போகவில்லை.
பாளையங்கோட்டை முழுக்கப் பங்குனிப் புழுக்கம்,
நான் மட்டும் ஸ்வெட்டரில்.

மூன்று பெட்டிகள். மூன்றும் சேர்ந்து ஒன்று.
பில்லும் மருந்தும் ரத்தப் பரிசோதனையும்
எதில் ஓடுகிறது என்று கேட்டால்
எல்லாவற்றிலும் என்பேன்.
மேனேஜர் நம்பமாட்டார்.

மூன்றாவதற்கு மெமரியில் கோளாறு.
ஒரு வாரமாகத் தப்பாகப் படித்து
தானே திருத்தி
தானே எழுதிவைக்கிறது புகாரை:
ஆயிரத்து நாற்பது தடவை.
திருத்திக்கொண்டே இருப்பவரை
எத்தனை நாள் வேலைக்கு வைத்துக்கொள்வது?

மெயின்டனன்ஸ் மோடு என்று ஒரு பட்டன்.
அழுத்தியதும் மருந்தகம் முதலில் கிளம்பியது,
பிறகு லேப்.
பில்லிங் எப்போதும் கடைசி.
கீழே கவுண்டரில் ஒருவர்
முந்நூற்று ஐம்பது ரூபாயை எண்ணி முடிப்பதற்குள்
பில் போடும் இயந்திரம்
வேறு பெட்டிக்குக் குடிபோய்விட்டது.
மீதிச் சில்லறை சரியாகத்தான் இருந்தது.

பிறகு வயரை உருவினேன்.

ஒன்று இருபதுக்கு சொரிமுத்து போன்.
"நாங்குநேரி தாண்டி, நாலுவழிச் சாலையில,
லாரிக்குப் பின்னால பைக்கு.
தலை ஸ்கேன் போடணும். நிப்பாட்டவா?"
"போடுங்கண்ணே."
சொல்லிவிட்டுத்தான் பார்த்தேன்.

ஸ்கேன் வால்யூமுக்கு இரண்டே பிரதி.
ஒன்று முதல் பெட்டியில்.
மற்றது, மேசையில் வயிறு திறந்து கிடக்கிற இதில்.
இரண்டாவது பெட்டி வெறும் சாட்சி,
அதனிடம் ஒரு படமும் கிடையாது,
கேட்டால் ஆமாம், அது சொல்வது சரி என்னும்.
எழுதுவதற்கு மூன்றில் இரண்டு ஆமாம் போதும்.

மூன்று பிரதி இருந்ததுதான்.
போன ஐப்பசியில் இடம் தொண்ணூற்றொரு சதவீதம் நிரம்பியது.
டிஸ்க் கேட்ட கடிதம் அக்கவுண்ட்ஸில் உறங்கியது.
இரண்டாகக் குறைத்தது யார்?
பதிவேட்டில் இருக்கிறது:
பேச்சி, மாலை 5.12.
அன்று ஐந்தரைக்கு எனக்குச் சேரன்மகாதேவி பஸ்.

எண்ணூற்று அறுபது படங்கள்.
முகம் தெரியாத ஓர் ஆளின் மண்டையை
வெங்காயத்தாள் கனத்துக்குச் சீவிச் சீவி
ஒரே ஒரு இடத்தில் அடுக்குகிறது இந்தக் கட்டிடம்.
பச்சை விளக்கு விடாமல் துடிக்கிறது.
அந்தப் பக்கம் நான் மூச்சுகூட விடவில்லை.
நெல்லையப்பா என்றது வாய்,
அதற்கு வேறு வேலையில்லை.

ஸ்க்ரூ ஒன்று உருண்டு ரேக்குக்கு அடியில் போனது.
போகட்டும்.
புது மெமரி உட்கார்ந்த சத்தம்: டக்.

திரும்பி வந்த மூன்றாவது
தான் இல்லாத நேரத்தை மட்டும் கேட்டது.
நான்கு சதவீதம். பதினொன்று.
பாளையங்கால்வாயில் மடை திறந்த முதல் நாள்
தண்ணீர் இப்படித்தான் வரும்,
ஒற்றைச் செருப்பையும் பிளாஸ்டிக் பையையும் தள்ளிக்கொண்டு
நின்று நின்று.
இரண்டு ஐம்பதுக்கு நூறு.

இனி மூன்றாவது பிரதி வேண்டும். இடம் வேண்டும்.
பட்டியலின் அடியில் ஒரு வால்யூம், இருநூறு ஜிபி,
வேலையில் சேர்ந்த வருஷம் பழகுவதற்கென்று
நான் பிடித்து வைத்தது.
பரீட்சைக் குறிப்புகள்,
பாதியில் நிறுத்திய ராஜினாமா,
உவரிக் கடற்கரையில் எடுத்த நாற்பது போட்டோ.
நோயாளிகளின் இடத்தில் என் மூட்டை.

அழி என்றேன்.
உறுதிப்படுத்த அதன் பெயரை அடிக்கச் சொன்னது.
என் பெயர்தான். ஆங்கிலத்தில் ஐந்து எழுத்து.
அடித்தேன்.
பெயர் பொருந்தவில்லை என்றது.
விரல் விறைத்திருந்தது, உரசிக்கொண்டு
மறுபடி அடித்தேன்.
பொருந்தியது.

"படத்த டாக்டர் பாத்துட்டாரு," மறுபடி சொரிமுத்து,
"மதுரைக்கு அனுப்புதாங்க. ஒங்களுக்கு டீ சொல்லவா?"
"சீனி கம்மியா."

ஸ்கேன் வால்யூம், மூன்றாவது பிரதி:
ஒரு சதவீதம்.