அரைப்பாகம்

கிளப்பவே எனக்குப் பதினோரு இரவு பிடித்தது.
மண்டபத்தில் போட் இன்ஜின் சாமான் விற்கிறவள் நான்.
ஆறு சிலிண்டர் இருமுவதைப் போனில் கேட்டே
எந்த நாசில் என்று சொல்லிவிடுவேன்.
இந்தப் பன்னிரண்டு சிலிண்டர்
கைப்பம்பை நாலு தரம் அடித்தால் வறண்டு விக்கியது,
ஏழு தரம் அடித்தால் குடித்துவிட்டு மூழ்கியது.
வெயிலுக்கு ஒரு கணக்கு, வாடைக்கு ஒரு கணக்கு என்று
கையேட்டின் நாற்பத்தோராம் பக்கத்தில் இருந்தது,
பொடி எழுத்தில்.

கீழக்கரை ஹபீலும் இதே ஸ்பிட்ஃபயரை வாங்கினான்.
அவனுடையது ஒரு விசைக்குக் கிளம்பும்.
சூடேறாது, தோட்டா தீராது,
கடலில் இறங்கினால் வத்தை மாதிரி மிதந்து போகும்.
"எல்லா டிக்கையும் எடுத்துவிடுங்கக்கா.
நெசம்தான் வேணும்னா
பகலெல்லாம் கடையில இருக்குல்ல?"

அதற்காகத்தான் எடுக்கவில்லை.
நாளைக்குத் தருகிறேன் என்பவர்கள் நடுவே
காலை எட்டிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன்.
ராத்திரி ஒரு முள்ளாவது
உள்ளதைக் காட்டட்டும்.

காட்டுகிறது.
கைப்பிடி வளையத்தில் யாரோ பிடித்துப் பிடித்துத்
தேய்ந்த இடம் பளபளக்கிறது.
முழங்கால்களுக்கு நடுவே திசைகாட்டி, திரவத்தில் ஒரு குமிழி.
மூக்கு வானத்தைப் பார்ப்பதால் முன்னால் எதுவும் தெரியாது,
ஓடுபாதைவரை சாரைப்பாம்பாய் வளைந்துதான் போகவேண்டும்.
போகப்போகச் சூடு ஏறும்.
சக்கரத்தின் கால் ரேடியேட்டரின் காற்றை மறைக்கிறதாம்.
இதை வரைந்தவன் எவனோ,
அவனுக்கு என் கடையில் கடன் தரலாம்.

உச்சிப்புளியில் எழும்பினேன்.
பஸ்ஸில் போகையில் வேலிக்கு வெளியே மட்டும் பார்த்த பாதை.
இடப்பக்கம் இழுத்தது, வலக்காலை முழுக்க மிதித்தேன்.
சக்கரம் மடக்கும் நெம்பு வலப்பக்கம்,
கை மாற்றும் நொடியில் விமானம் ஒரு தலையாட்டு ஆட்டும்.
அதையும் விடவில்லை அவன்.

பிறகு ஊர் வந்தது.
பனைகள் இருக்கவேண்டிய இடத்தில் ஊசியிலை மரங்கள்.
என் தெருவில் சிவப்புக் கூரைகள்,
கூரைக்குக் கூரை புகைபோக்கி.
மண்டபத்தில் யார் கணப்பு மூட்டிக் குளிர்காய்கிறார்கள்?
என் கடை கடலுக்குள் இருந்தது.
சிரித்துக்கொண்டே ஒரு வட்டம் அடித்தேன், இன்னொரு வட்டம்,
ரேடியேட்டர் மூடியைத் திறக்க மறந்து.

வடகடல்மேல் முள் நூற்றிருபது தாண்டியது.
கண்ணாடியில் வெள்ளையாக ஏதோ தெறித்தது.
பன்னிரண்டும் நின்றன.

அப்புறம் காற்றின் சத்தம்,
வாசல் படுதாவை யாரோ மெல்லக் கிழிப்பதுபோல.
அவ்வளவு உண்மையாக
என் வாழ்க்கையில் எதுவும் நின்றதில்லை.
பிரப்பன்வலசைக்கு நேரே, கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில்,
வயிறு படும்படி அலுங்காமல் இறக்கினேன்.

திரை கறுத்தது.
விமானி மூழ்கினார்.

மறுநாள் இம்பெல்லர் வாங்க வந்த கிளாட்ஸ்டனிடம்
கணக்கு எழுதிக்கொண்டே கேட்டேன்.
"அங்கயா? வத்துல அரைப்பாகம்க்கா.
தாழையும் சேறும்தான். நண்டு வலை போடுவோம்.
எதுக்கு?"
சும்மா, என்றேன்.

அரைப்பாகம். இடுப்பளவு.
இருக்கைப் பட்டையை அவிழ்த்து, செருப்பைக் கையில் எடுத்து,
திருக்கைக்குப் பயந்து காலைத் தேய்த்துத் தேய்த்து வைத்து
நடந்தே கரையேறியிருப்பேன்.
ஏழரைக்கு உச்சிப்புளியில் பஸ் இருக்கிறது.

செய்தவர்களுக்கு எழுதினேன்.
திருகாணிவரை சரியாக இருக்கிறது,
ஆழம் மட்டும் தப்பு என்று.
மூன்றாம் நாள் பதில் வந்தது, மரியாதையாக.
விமானத்தில் பிழை எதுவும் இல்லை.
கடல் எங்களுடையது அல்ல.

ஹபீலிடம் இதைச் சொல்லவில்லை.
இன்றைக்குக் கச்சான் அடிக்கிறது, அனல் இறங்கவில்லை.
ஐந்து தரம் அடித்தால்
போதும் என்று நினைக்கிறேன்.