பத்துச் சுருள் கணக்கு

பால் சொசைட்டி நோட்டின் கடைசிப் பக்கத்தில்
ஐந்து பெயர், ஐந்து முன்பணம்.
கணக்கெழுதுகிறவள்தானே என்று
கேட்காமலே என் தலையில் கட்டினார்கள்.

ஆன்றோவுக்கு ஐந்து கம்பி, கறுப்பு, மினுக்கம் கூடாது.
நவ்ஷாதுக்கு நாலு கம்பி, கட்டை இல்லாத கழுத்து.
"வழுக்கிருவ மக்கா."
"வழுக்கத்தான் கேக்கேன்."
ரெஜிகுமாருக்கு
அவன் மச்சான் வைத்திருப்பதைவிட ஒரு திருகு கூடுதல்.
ஜெபின், பணம் பிறகு.
பெல்சி, அதாவது நான், முப்பது இஞ்சு.

சிரித்தார்கள்.
முப்பத்துநாலு இல்லாத பேஸ் ஒரு பேஸா?
குழித்துறைப் பாலத்தில் லாரி ஏறும்போது
தூண் ஒரு முனகு முனகுமே, அது வருமா?
நோட்டின்மேல் கையை விரித்து வைத்தேன்.
சுண்டுவிரல் மார்ஜினைத் தொடவில்லை.
"இந்தக் கைக்கு எத்தன இஞ்சுன்னு
நீங்களே சொல்லுங்க."
டீ ஆறும்வரை யாரும் சொல்லவில்லை.

பிறகு கம்பியின் உயரத்துக்கு ஒரு மாலை முழுக்கச் சண்டை.
பன்னிரண்டாம் கட்டையில்
ஒரு ரூபாய்த் துட்டு நுழையணும் என்றான் ஆன்றோ.
தபால்தலை போதும் என்றான் ரெஜி.
இடவப்பாதி மழைக்குக் கழுத்து வளையும்போது
துட்டும் தபால்தலையும் எங்கே போகும் என்று நவ்ஷாத்.

பிக்கப் சுருள் பத்தாக எடுத்தால் பாதி விலை.
ஆளுக்கு இரண்டு.
ஜெபினைக் கழற்றிவிடாததற்கு அதுதான் காரணம்;
சிநேகம் என்று அவன் நினைத்துக்கொண்டான்.
எனக்கு முனகாத சுருள் வேண்டும்.
எர்த் இல்லாத எங்கள் சபையில்
கரண்டு பாடும் சுருதி ஜி-க்கு ஒரு நூல் மேலே.
நாலு வருஷமாக எல்லா ஸ்தோத்திரத்திலும்
அதோடு மல்லுக்கட்டியே வாசித்திருக்கிறேன்.

பாறசாலையில் சுகதனின் பட்டறை.
ரோடு அகலப்படுத்த விழுந்த ஒரு மரம்.
அவருக்கு அது ஆஞ்ஞிலி, எங்களுக்கு அயனி,
அறுத்தபோது உள்ளே பப்பாளி மஞ்சள்.
"சின்ன நீளத்துக்குத் தாழ்ந்த கம்பி தளரும்" என்றார் என்னிடம்.
தளரட்டும் என்றேன்.
ஓணத்துக்கு என்றது கிறிஸ்துமஸ் தாண்டியது.

எடுத்துவரப் போனது ஆன்றோவின் வண்டி.
பிரேதப் பெட்டி ஏற்றுகிற வண்டி அது, வேறு கிடைக்கவில்லை.
களியக்காவிளை செக்போஸ்டில் பின்கதவைத் திறந்த போலீஸ்காரர்
வரிசையாகக் கிடந்த ஐந்து நீளக் கறுப்புப் பைகளைப் பார்த்துத்
தொப்பியைக் கழற்றினார்.
ஒரு பையின் ஜிப்பைத் திறந்ததும்
தொப்பியும் கோபமும் ஒன்றாக ஏறின.
மரமா? பாஸ் எங்கே?
வாத்தியம் சார்.
வாத்தியம்னா வாசி.

ஆம்ப் இல்லை. விரல் ஓட ஓட
கொசு பறந்தமாதிரிகூடக் கேட்கவில்லை.
அவர் ரசீதுப் புத்தகத்தை எடுத்தார்.
மேலே கிடந்தது என்னுடையது.
அதன் தலையைத்
தகரக் கூண்டின் சுவரில் முட்டுக்கொடுத்து
தாழ்ந்த கம்பியை ஒருமுறை இழுத்தேன்.

தகரம் பேசிற்று. மேசை,
ரெஜிஸ்டர்மேல் இருந்த டீ கிளாஸ்,
ஆணியில் தொங்கிய லத்தி எல்லாம்.
அவர் உள்ளங்கையைச் சுவரில் வைத்தார்.
நான் இன்னொரு முறை இழுத்தேன்.
"பாட்டு ஒண்ணும் வரலியே."
"பாட்டுக்கு அடியில வாறது சார்."
கையை எடுக்காமலே, போங்க என்றார்.

ஜெபின் இன்னும் பணம் தரவில்லை.
நேற்று ராத்திரி பதினொன்றுக்குப் போன்:
"எக்கா, நீ செஞ்சதுபோல பீரோவில முட்டுக்கொடுத்தேன்,
வீட்டுல அத்தன பேரும் எழும்பிட்டாவ!"
பின்னால் யாரோ திட்டுவது கேட்டது,
அதற்கும் பின்னால், நிற்காமல், பீரோ.

நாலாயிரத்து இருநூறு, என்றேன்.
போனை வைக்காதே,
இன்னொருக்கா வாசி.